சுவருக்கு அந்தப் பக்கம்

கடலூர்–சிதம்பரம் ரஸ்தாவில் உள்ள எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் நான் ஓர் அங்கத்தினன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடுவது எல்லோரும் அறிந்ததே. புறப்படுமுன் பஸ்ஸின் பின்னாலுள்ள கரியடுப்பை மூட்டி அரைமணி நேரம் விசிறி சுற்றுவார்கள். கடைத்தெரு முழுவதும் புகை மண்டும்.

கடைக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். பஸ்களைத் திருப்பி, பின்பக்கம் பள்ளிக்கூடச் சுவரைப் பார்க்க நிறுத்தவேண்டும் என்று நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். கடைத்தெருவில் புகை குறைந்தது. எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து என் மகள் கோமதி தினமும் தலைவலி என்றாள். "பள்ளிக்கூடம் போகாம இருக்க இது ஒரு சாக்கா?" என்று அதட்டி அனுப்பினேன். ஒருநாள் காலை உபாத்தியாயினி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாந்தியெடுத்துத் துவண்டிருந்தாள்.

"ஜன்னலோரம் ஒக்காந்திருந்தா சார். சுவத்துக்கு அந்தாண்டதான் பஸ்ஸு நிக்கிது. பொகை பூரா வகுப்புக்குள்ளதான் வருது. போர்டுக்கு ரெண்டு காயிதம் எழுதினனே, நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. காற்றாடப் படுக்கவைத்ததில் சாயங்காலம்தான் குழந்தை தெளிந்தாள்.

இப்போது, என் புதுத் தீர்மானப்படி, பஸ்களுக்கு அடுப்பு மூட்டுவதும் ஆள் ஏற்றுவதும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை மைதானத்தில். அவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கிறதே என்று ஊரே என்னை ஏசுகிறது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இப்போதெல்லாம் புகையைப் பற்றி மனு வந்தால், அந்தப் புகை போய்ச்சேரும் இடத்தில் அரைமணி உட்கார்ந்துவிட்டுத்தான் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறேன். கோமதி தலைவலி என்றால் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறேன்.