‘கூப்பிடு’ என்றால் போட்டோ திறந்த கதை

திங்கட்கிழமை பதினோரு மணி. புகார் பிரிவிலிருந்து ஸ்டெல்லா கை காட்டினார். “சார், கொஞ்சம் வாங்க. மெக்கானிக்க கூப்ட்டா போட்டோ பாக்குற புரோகிராம் தொறந்துகினு கீது.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் லிப்ட் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் சிஸ்டம் அட்மின். முந்தின நாள்தான் மேஜை போன்களை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே பேசுகிற சாஃப்ட்போனைப் போட்டிருந்தேன். பிரவுசரில் மெக்கானிக் பெயருக்குப் பக்கத்தில் ‘கூப்பிடு’ என்று ஒரு லிங்க். அதை அழுத்தினால் சாஃப்ட்போன் தானே டயல் செய்ய வேண்டும். புகார் பிரிவின் எட்டு கம்ப்யூட்டரிலும் சோதித்து, மேனேஜருக்கு ‘எல்லாம் ஓகே’ என்று மெசேஜும் அனுப்பியிருந்தேன்.

ஸ்டெல்லாவின் ஹெட்செட்டில் ஒரு பெண்மணி காத்திருந்தார். கரையான்சாவடியில் ஒரு அடுக்குமாடி வீட்டு லிப்டில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்.

மேனேஜர் எழுந்து வந்தார். “ஓகேன்னு சொன்னியே, இன்னாய்யா இது?”

மெக்கானிக்குகளின் நம்பர் திரையில் தெரியாது; பெயர் மட்டும்தான். சட்டென்று தோன்றியது: மவுஸை லிங்க் மேல் அழுத்தாமல் வைத்தேன். பிரவுசரின் கீழ் மூலையில் ‘tel:’ என்று தொடங்கி நம்பர் முழுதாக வந்தது. என் செல்போனில் அடித்தேன்.

மெக்கானிக் குமார் எடுத்தார். விலாசம் சொன்னேன். “அந்தத் தெரு முனையிலதான் டீ குடிச்சுகினு கீறேன். இதோ போறேன் சார்.”

ஸ்டெல்லா லைனில் சொன்னார்: “ஆள் வந்துகினே கீறாருக்கா. பயப்படாதீங்க.”

“நான் நல்லாத்தான் கீறேன்மா. பையன் பொறந்தநாளுக்கு வாங்கின ஐஸ்கிரீம்தான் உருகுது.”

“துன்னுடுங்கக்கா.”

குமார் கதவைத் திறந்தபோது இரண்டு கப் காலி. மீதி ஒன்றை அந்த அம்மா குமாருக்கே கொடுத்தாராம். மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகுதான் காரணம் பார்த்தேன். எந்த லிங்க்கை எந்த புரோகிராம் திறக்க வேண்டும் என்பதை பிரவுசர் ஒவ்வொருவர் லாகினுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. நான் செய்த செட்டிங் என் லாகினோடு நின்றுவிட்டது. ஸ்டெல்லா அழுத்தியதும் ‘எதில் திறக்கட்டும்?’ என்று கேட்டிருக்கிறது. அவசரத்தில் முதலில் இருந்த போட்டோ புரோகிராமைத் தேர்ந்து, ‘எப்போதும் இப்படியே’ என்பதிலும் டிக் போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

எட்டுப் பேரையும் அவரவர் லாகினில் உட்காரவைத்து, செட்டிங்கில் ‘tel’ லிங்க்குக்குச் சாஃப்ட்போனைத் தேர்ந்து, அவர்கள் கையாலேயே அழுத்தச் சொன்னேன். எட்டு முறையும் குமாருக்கே மணி அடித்தது. எட்டாவது தடவை, “வேற மெக்கானிக்கே கெடைக்கலியா சார்?” என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அட்மின் லாகினில் எல்லாமே வேலை செய்யும். பயன்படுத்தப்போகிறவர் நாற்காலியில், அவர் லாகினில் ஒருமுறை ஓடிய பிறகு ‘ஓகே’ மெசேஜ் அனுப்புங்கள்.