ஜஸ்டின் அப்பா முகத்துக் கரும்புள்ளிகள்

போன மாதம், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா மொட்டைமாடியில் கூழ்வத்தல் ஊற்றினாள். எலுமிச்சை பிழிந்த கூழின் வாசனை என் மாடி அறை வரைக்கும் வந்தது. மறுநாள் காலையில் அங்கிருந்தே கூப்பாடு. "அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க! வத்தல் பூரா துருப்புள்ளியா கெடக்கு. எந்தப் பாவி பண்ணுன வேலை இது?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் புள்ளிகளை நான் ஏற்கெனவே வேறோரிடத்தில் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை என்றால் எனக்கு எலுமிச்சை உப்பு ஞாபகம் வரும். எலுமிச்சை உப்பு என்றால் ஜஸ்டின். நாங்கள் இரண்டு பேரும் இதே மாடி அறையில் பிளாட்டினம் பிரிண்ட் போட்டோம். பிளாட்டினமும் பல்லேடியமும் கலந்த கரைசலைத் தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து, வெளிச்சம் காட்டிக் கழுவி எடுக்கிற படம் அது. மஞ்சளடித்தால் எலுமிச்சை உப்புத் தண்ணீரில் இன்னொரு முக்கு. கறுப்பு சோகையாக வந்தால் இன்னொரு பூச்சு. மிச்ச உப்பை ஜஸ்டின் சர்பத்தில் போட்டுக் குடித்துவிடுவான், ராட்சசன்!

தாள் ரொம்பக் காய்ந்திருந்தால் படம் மணல்மணலாக வரும். ஈரம் கொடுக்க வெளியூர்க்காரர்கள் மிஷின் வைத்திருப்பார்களாம். நாங்கள் பூசுவதற்கு முன்னால் தாளைக் கடல் பக்கத்து ஜன்னலில் தொங்கவிட்டுவிடுவோம். "நமக்கு எதுக்குலே மிஷினு? அதான் கடல் கெடக்குல்லா" என்பான். எனக்கும் பெருமை தாங்காது. ஜன்னலுக்கு நேரே விசைப்படகுகளுக்கு இரும்பு வெட்டுகிற பட்டறை ஒன்று உண்டு. அந்தச் சத்தம் உயிரை வாங்கும். சத்தத்தை மட்டும்தான் திட்டினோம்.

ஜஸ்டினின் அப்பா சங்கு குளித்தவர். இவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கடலோடு போய்விட்டார். அவன் அம்மா ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டிய படம் உப்புக்காற்றில் வெளிறி, கண் எது மூக்கு எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. பிளாட்டினம் வெளிறாது. மிச்சமிருந்த ஸ்டாம்பு அளவுப் படத்திலிருந்து நெகட்டிவ் செய்து, அம்மா இருக்கும்போதே அப்பாவைச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

படம் வந்தது. முகமெல்லாம் கரும்புள்ளி. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒங்கப்பாவுக்கு அம்மை போட்டதே கெடையாதேலே. இது ஆரு?" என்றாள்.

இரும்புத் துணுக்கு பட்டால் கரைசல் அந்த இடத்தில் கறுத்துவிடும். என் பிரஷ்ஷின் இரும்புப் பட்டையால்தான் என்றான் ஜஸ்டின். அவன் தாள் வெட்டுகிற பிளேடால் என்றேன் நான். பிரஷ்ஷை விட்டுக் கண்ணாடிக் கம்பியால் பூசினோம், புள்ளி. தாளைக் கையால் கிழித்தோம், புள்ளி. பழி போடப் பொருள்களெல்லாம் தீர்ந்துபோக, ஆள்தான் பாக்கி. "எங்கப்பா படம்னா ஒனக்கு எளக்காரம்லா? காசு குடுக்கவன் படம்னா இப்படிச் செய்வியா?" என்று கேட்டுவிட்டான். அந்தச் சொல் இன்றைக்கும் எரிகிறது. அவன் கப்பல் வேலைக்குப் போனான், அம்மாவை மணப்பாட்டில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு. என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

வத்தலைப் பார்த்த அன்று ஜன்னல் கட்டையில் ஒரு காந்தத்தை இழுத்தேன். அதற்குத் தாடி முளைத்தது. பொடிப்பொடியாக இரும்புத் தூள்! நாங்கள் பீற்றிக்கொண்ட கடல்காற்றுதான் பட்டறைத் தூளைக் கொண்டுவந்து தாளில் ஒட்டியிருக்கிறது. சே, மூக்குக்கு முன்னால் இருந்ததைப் பார்க்காமல் ஒருத்தன் குரல்வளையை ஒருத்தன் கடித்திருக்கிறோம்.

ஜன்னலைச் சாத்தினேன். கொதிக்கிற பானை ஆவியில் தாளைப் பதமாக்கி, பத்திரமாக வைத்திருந்த நெகட்டிவை எடுத்து அச்சிட்டேன். ஒரு புள்ளி இல்லை. நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. நடந்ததை எழுதி, படத்தையும் ஜஸ்டினுக்குப் போனில் அனுப்பினேன்.

ரெண்டு நாள் கழித்து அவன் குரல் வந்தது. "அம்மாவ அடக்கம் பண்ணி வருசம் ஒண்ணாச்சு. கடைசி வரைக்கும் அந்த வெளிறுன படத்துக்குத்தான் மெழுகுவத்தி கொளுத்துனா. இனி இத யாருக்குக் காட்ட?" அவ்வளவுதான். அம்மா போனதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. நானும் விசாரித்தவனில்லை.

இப்போதெல்லாம் கடல் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதே இல்லை. படம் மேஜைமேல் கிடக்கிறது. ஜஸ்டின் அப்பா பளிச்சென்று என்னையே பார்க்கிறார். என் வீட்டுச் சுவரில் மாட்ட அவர் எனக்கு யார்?