வாழைத்தார்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி

மெல்பர்னில் என்னைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்பது ஒரே ஒரு பொருள்தான். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியதாக, என் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வானத்தில் செயற்கைக்கோள்களைத் தேடிவிட்டு, ‘வேர் டு?’ என்று எழுத்தில் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தலைக்கவசத்தோடும் மஞ்சள் சட்டையோடும் பார்த்தால் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார், அத்தோடு சரி. எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பால் வாங்கக் கிளம்பினாலே நாலு பேர் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்கமாட்டார்கள், அது வேறு விஷயம். இந்தக் கருவி காத்திருக்கும். பதில் சொல்லாவிட்டால் திரை அணையாது. அதனாலேயே எனக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். இரண்டு டயர்களையும் அழுத்திப் பார்த்து, பின்விளக்கைப் பார்த்து, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகி, மறுபடியும் டயரை அழுத்தி, பிறகுதான் பாதையைத் தேர்ந்தெடுப்பேன்.

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். மனைவியும் நானும் மகள் சிவகாமியோடு இருக்க வந்தோம். மனைவி இங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு, வீட்டில் இருந்தால் நான் படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டே இருப்பேன் என்று பயந்துதான் மகள் இந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தாள். புதன்கிழமைதோறும் ஒரு முதியோர் குழுவோடு பழைய ரயில் தடத்தில் ஓட்டுகிறோம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளை போட்ட பாதை அது. லாரி கிடையாது, மாடு கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. குழுவில் மார்கரெட் என்றொரு அம்மாள். “உங்கள் ஊரில் சைக்கிள் பாதைகள் உண்டா?” என்று ஒருநாள் கேட்டாள். எல்லாச் சாலையிலும் சைக்கிள் போகும் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, “எல்லாமே சைக்கிள் பாதைதான்” என்று சொல்லிவிட்டேன். இந்தியா எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள் என்று அவள் குழு முழுக்கச் சொல்லி, ஒருவர் இங்கேயும் அப்படி வேண்டும் என்று மெல்பர்ன் நகராட்சிக்கே கடிதம் எழுதப் போவதாகக் கிளம்பிவிட்டார். எந்த இடத்தில் திருத்துவது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

என் ஆசை ஒன்றுதான். மெல்பர்ன் குளிர் என் மூட்டுக்கு ஆகாது. இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதமும் வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய வாடகை வீட்டில் தனியாக இருந்துவிட்டு வரவேண்டும். சிவகாமி ஒத்துக்கொள்ளவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. முந்தைய முறை ஊருக்குப் போனபோது விடுதி அறையில் காய்ச்சலில் கிடந்து, போன் சார்ஜ் தீர்ந்ததுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். இங்கே அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இரண்டு பகல் நடந்திருக்கிறாள். “இங்க நான் நாற்பது கிலோமீட்டர் தனியா ஓட்டுதேன்லா, அங்க மட்டும் என்ன?” என்று நான் கேட்டேன். “இங்க கோடு போட்ட பாதை இருக்குப்பா” என்றாள். அங்கேயும் கோடு போடுகிறேன் என்றேன். அப்படித்தான் அந்த ஒப்பந்தம் உருவானது. திருநெல்வேலியிலிருந்து ஆற்றோடு புன்னக்காயல் கடற்கரை வரை நான் தனியாகப் போகவேண்டும். நான் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அவள் போனில் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு வம்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் வாடகை வீடு. இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

கணினியில் பாதை வரைவது பார்ப்பதற்கு எளிது. புறப்படும் இடத்தில் ஒரு சொடுக்கு, சேரும் இடத்தில் ஒரு சொடுக்கு, நடுவில் நீலக் கோடு தானாக ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு நம் ஊர் தெரியாது. பாளையங்கோட்டையைத் தாண்டியதும் ஒரு வயலின் வரப்பைச் சாலை என்று சொன்னது. மூன்று தலைமுறையாகப் பேருந்து போகும் ஒரு சாலையை இல்லை என்றது. மற்றவர்கள் எங்கெல்லாம் ஓட்டியிருக்கிறார்கள் என்று காட்ட ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் மெல்பர்ன் முழுக்க அடுப்புத் தணல் மாதிரி ஒளிர்கிறது. நம் பக்கம் நகர்த்தினால் கிருஷ்ணாபுரத்திலிருந்து கிழக்கே ஒரே இருட்டு. சைக்கிள் ஓடாத ஊர் என்று இயந்திரம் நினைக்கிறது. ஓடுகிற சைக்கிள்களில் கருவி இல்லை, அவ்வளவுதான். நான் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வாய்க்கால் பாலமாகப் பார்த்து வரைந்தேன். முப்பத்தெட்டுத் திருப்பங்கள் வந்தன. ‘நெல்லை இறுதி’ என்று பெயர் வைத்துக் கருவியில் ஏற்றினேன். பிறகு சந்தேகம் வந்து ‘நெல்லை இறுதி 2’. ஏழாவது இறுதியோடும், பிரித்துப் பெட்டியில் கட்டிய சைக்கிளோடும்தான் விமானம் ஏறினேன்.

அந்த முப்பத்தெட்டில் நான்கு திருப்பங்கள் பாதைக்குத் தேவையே இல்லாதவை. ஆழ்வார்திருநகரிக்குள் என் மனைவியின் தம்பி சங்கரலிங்கம் இருக்கிறான். வாழைத்தார் வியாபாரம். அவன் வீட்டு வழியாகப் போனால் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் காபி, காபி என்றால் சாப்பாடு, சாப்பாடு என்றால் தூக்கம். புள்ளி அங்கேயே நின்றுவிடும். அதனால் ஊருக்குள் நுழையாமல் வாய்க்கால் கரையோடு பின்பக்கமாகக் கோட்டை இழுத்துக் கொண்டுபோய் மறுபடியும் சாலையில் சேர்த்திருந்தேன். வந்திருப்பதையே அவனுக்குச் சொல்லவில்லை. பயணம் முடிந்தபின் முறையாகப் போய் நிற்கலாம் என்று கணக்கு.

தை மாதம். விடியும்போதே வண்ணார்பேட்டையை விட்டுக் கிளம்பிவிட்டேன். செய்துங்கநல்லூர் தாண்டியதும் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள், பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகச் சாலையின் இடது ஓரம் முழுக்க. லாரிக்காரர்கள் அவர்களுக்காக ஒதுங்கிப் போனார்கள், நானும் அந்த ஓரத்தில் பத்திரமாக ஒட்டிக்கொண்டேன். ஒருவர் பக்கத்தில் நடந்தபடியே கேட்டார்.

“சாமி, சைக்கிள்ல நேர்ச்சையா? எங்க இருந்து வாறிய?”

“நேர்ச்சை இல்ல, சும்மாதான். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்திருக்கேன்.”

அவர் முன்னால் போகிறவர்களைப் பார்த்துக் கத்தினார். “ஏலே, பெரியவருக்கு வழி விடுங்கலே! ஆஸ்திரேலியாவுல இருந்தே சைக்கிள் மிதிச்சு வாறாராம்!”

கூட்டம் பிரிந்து வழி விட்டது. ஒரு அம்மாள் கும்பிட்டாள். நடுவில் கடல் இருக்கிறதே என்று சொல்வதற்குள் நான் அவர்களைத் தாண்டிவிட்டேன். மார்கரெட் ஞாபகம் வந்தது. கருங்குளம் வரை வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு போனேன், பதினொன்று. கருவி ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் சமர்த்தாகக் கூவியது. முதல் தடவையாக வாடகை வீட்டுக்கு எத்தனை மின்விசிறி தேவைப்படும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

வாய்க்கால் கரைத் திருப்பத்தில் திரும்பியது வரை எல்லாம் சரி. இரண்டு பக்கமும் வாழை. கரையை மறித்து ஒரு குட்டியானை, அதுதான் நம் சின்னச் சரக்கு வண்டி, நின்றுகொண்டிருந்தது. வெட்டிய தார்களைத் தோளில் சுமந்து வந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாழைத்தார் வியாபாரி காலையில் வீட்டில் இருக்கமாட்டான், வாழைத் தோட்டத்தில்தான் இருப்பான் என்பது, ஏழு இறுதிகள் போட்ட எனக்கு, அப்போதுதான் உறைத்தது.

“அத்தான்!” சங்கரலிங்கம் என் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “வாய்க்கா கரையில எவனோ வெள்ளக்காரன் வாறான்னு இவனுவ சொன்னானுவ. பாத்தா நம்ம அத்தான்! இது என்ன கோலம், தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு?”

“ஹெல்மெட்டுடே. கைய எடு.”

“எப்ப வந்திய? ஒரு போன் கிடையாது. ஊருக்குள்ள வராம பின்னாடி கூடி ஓடுதிய. எங்க வீட்டுல என்ன, அம்மை போட்டிருக்கா?”

“சங்கரா, நான் நிக்கக் கூடாது. சிவகாமி பாத்துக்கிட்டு இருக்கா.”

அவன் வாழைகளுக்குள் திரும்பித் தேடினான். நான் கருவியைக் காட்டினேன். குனிந்து அதனிடம் வாயை வைத்து, “ஏட்டி சிவகாமி! மாமா பேசுதேன்! நீ பாத்துக்கிட்டு இருக்கியே, உங்கப்பனை இப்படி அலைய விடலாமா?” என்று கத்தினான். ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள்.

ஒப்பந்தத்தை விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டான், ஒப்புக்கொள்ளவில்லை. அவன் குரல் தாழ்ந்தது. “அத்தான், நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய. இந்த வயசுல நீங்க சைக்கிள்ல போறதப் பாத்தா ஊரு என்ன பேசும்? ஆஸ்திரேலியாவுல மக கூட இருந்தவரு, இப்ப சைக்கிள்ல திரியுதாரு, மக கைவிட்டுட்டா போலன்னு பேசுவாவ. எங்க அக்கா பெத்த பிள்ளைக்கு அந்தப் பேரு வரணுமா?”

மெல்பர்னில் இந்த வயதில் சைக்கிள் ஓட்டினால் மகள் நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள் என்று பொருள். அதே மனிதன், அதே சைக்கிள், இங்கே ஓட்டினால் கதை தலைகீழ். நேர்ச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவனே மாலை போட்டு அனுப்பியிருப்பான். “உடம்புக்கு நல்லதுடே” என்றேன். “உடம்புக்கு நல்லதுன்னா தோசை தின்னுட்டுப் போங்க” என்று சொல்லிச் சைக்கிளைத் தூக்கி வண்டியில் தார்களுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டிவிட்டான். என்னை முன்னால் ஏற்றிக் கதவைச் சாத்தினான். போன் சைக்கிளின் பையில் இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல வண்டி கிளம்பிவிட்டது.

பின்னால் கருவி கூவுவது கொஞ்சம் கேட்டது. பாதையை விட்டு விலகினால் ‘ஆஃப் கோர்ஸ்’, அதாவது தடம் மாறிவிட்டாய், என்று காட்டிக் கூவும். பிறகு என்ஜின் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. சங்கரலிங்கம் மெதுவாக ஓட்டுகிறவன் அல்ல. ஊர் எல்லை வேகத்தடையில் ஒரு ஆடு குறுக்கே வர, பிரேக்கில் ஏறி நின்றான். தார்கள் எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கின. அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. திடீரென்று அப்படி நின்றால், ஓட்டுகிறவன் விழுந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் அலறும். யாரும் அணைக்காவிட்டால் வீட்டாருக்குத் தகவல் அனுப்பிவிடும். வாழைத்தாருக்கு அணைக்கத் தெரியாது.

வீட்டு வாசலில் இறங்கும்போது சங்கரலிங்கத்தின் போன் அடித்தது. அவன் எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

“மாமா, அப்பாவுக்கு ஆக்சிடென்ட்னு மெசேஜ் வந்திருக்கு. போன் எடுக்க மாட்டேங்கறாங்க. அதுக்கு முன்னாடி அறுபது எழுபது ஸ்பீடுல போயிருக்காங்க. யாரோ தூக்கிட்டுப் போறாங்க மாமா…”

“எழுபதா? என் வண்டி அம்பதுக்கு மேல போனா கழண்டுல்லா விழுந்திரும். ஏட்டி, அழாத. உங்கப்பன் எம்பக்கத்துலதான் நிக்காரு. ஒரு சேதாரமும் இல்ல.”

நான் போனை வாங்கினேன். என்னென்னவோ விளக்க வாயெடுத்தேன்.

“அப்பா, எதுவும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விடுங்க. நான் கேக்கணும்.”

மூச்சு விட்டேன். அவளும் விட்டாள். வாசலில் தார் இறக்குகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாடகை வீடு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட, அவள் மூச்சு நேராவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான் என்னை அன்று முழுக்க வாட்டியது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். “நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு எனக்கே தெரியலப்பா. போய்ச் சேரல. ஆனா உங்களைத் தனியா போகவும் அங்க யாரும் விடல. மூணு மாசம் போயிட்டு வாங்க. வண்ணார்பேட்டைல இல்ல, மாமா வீட்ல. சைக்கிளும் அந்த வீட்டைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான்.” பக்கத்தில் இருந்த சங்கரலிங்கம், “அஞ்சு எதுக்குட்டி? ரெண்டு போதும்” என்றான். பேரம் பேசி அவர்கள் இருவருமே நான்கில் முடித்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

இதை மெல்பர்னில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. கவலைகள் மட்டும் குறையவில்லை. அந்த மாதங்களில் நம் பக்கம் மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்று ஆளைத் தள்ளும். கிழக்கே சுலபமாகப் போய்விட்டுத் திரும்பி மிதிக்க முடியாமல் நின்றால் என்ன செய்வது? சங்கரலிங்கத்தின் வீட்டில் என்னால் நேரத்துக்குச் சாப்பிட முடியுமா? சிவகாமி என் கருவிக்கு வேலி போட்டுவிட்டாள். ஆழ்வார்திருநகரியை நடுவில் வைத்துச் சிவப்பு வட்டம். புள்ளி அதைத் தாண்டினால் அவளுக்கும் மாமாவுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். வட்டத்துக்குள் ஆறு இருக்கிறது. புன்னக்காயல் வெளியே, வெகு தூரத்தில். இங்கே எனக்கு வட்டம் எதுவும் கிடையாது. எந்தத் திசையில் எவ்வளவு போனாலும் ஒருவரும் என் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தப்போவதில்லை.

நேற்று அந்த வட்டத்துக்குள் பாதை வரையலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது விதமாக வரைந்தேன், ஒன்பதும் அவன் வாழைத் தோட்டத்தைத்தான் சுற்றின. இந்த வீடும் அந்த வீடும் ஒரே திரையில் தெரியட்டும் என்று படத்தைச் சுருக்கினேன். சுருங்கச் சுருங்க வட்டம் பொட்டாகி, பொட்டும் காணாமல் போய், திரை முழுக்கக் கடல். புறப்படும் இடம் என்று மெல்பர்னில் ஒரு சொடுக்கு, சேரும் இடம் என்று ஆழ்வார்திருநகரியில் ஒரு சொடுக்கு வைத்தேன். திரையில் தேடல் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே பாதை இல்லை என்று வந்தது. சொடுக்கியதில் பிசகு இருக்கலாம் என்று, புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.