உப்புப் போட்ட பசையும் ஒற்றை அழைப்பும்

கார்டு செய்யப் பழகுகிறவர்களுக்குப் பசை எங்கே ஒட்டக்கூடாதோ அங்கேதான் முதலில் ஒட்டும். இதைப் படிக்கும்போதே தலைமுடியில் காய்ந்த பசையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நாம் ஒரே இனம்.

நான் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. திருவிதாங்கூரின் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் செல்லப்பன் பாறசாலைச் சந்தையில் ஒரு மேசைமேல் ஏறி நின்று, "போலீஸுக்குப் பயந்து ஓடல்ல. இந்த ஊரு தமிழ்நாட்டோட சேந்த பொறவுதான் இனி இங்க கால் வைப்பேன்" என்று சபதம் போட்டுவிட்டு, கிழக்கே எங்கோ போய்விட்டார். கல்யாண மாலை சுவரில் இன்னும் முழுசாகக் காயவில்லை. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த ஸ்டெல்லாதான், "அழுதுட்டு இருக்காத பிள்ளே, கிறிஸ்துமஸுக்குக் கார்டு செய்து விப்போம்" என்று என்னை இழுத்துவிட்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. நெய்யாற்றின்கரை அச்சாபீஸில் வெட்டி ஒதுக்கிய தடித்தாள், வைக்கோல், நிழலில் உலர்த்திய இலைகள். இவ்வளவுதான் எங்கள் முதல்.

ஆட்டுக்குப் பிடித்தது

முதல் கல்யாண ஆர்டர் பக்கத்துச் செங்கல் ஊரில் இருந்து வந்தது. பசைக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவு கிண்டினேன். மரச்சீனி அடுப்பில் கொதித்தால் உப்புப் போடாமல் இருக்க எங்கள் ஊர்ப் பெண்ணின் கைக்குத் தெரியாது. நானும் போட்டேன். மழைக்காலம் வேறு. உப்பு ஈரத்தை இழுக்க, கார்டெல்லாம் வேர்த்தது. வெயில் காட்டினால் காயும், உள்ளே எடுத்து வைத்தால் மறுபடி நசநசக்கும். இலை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம் என்று வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டோம். மறுநாள் பெண்ணின் தகப்பனார் வந்தார். சண்டை போடுவார் என்று ஸ்டெல்லா துணிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவரோ ஓரமெல்லாம் கடிபட்ட கார்டு ஒன்றை என் முன்னால் வைத்து, நிதானமாகச் சொன்னார்: "எனக்க ஆடு கல்யாணத்துக்குக் கண்டிப்பா வருமாம். விருந்து இப்பவே அதுக்குப் பிடிச்சுப் போச்சாக்கும்."

போலீஸ்காரரின் நட்சத்திரம்

போராட்டத் துண்டு நோட்டீஸ் எங்கே அடிக்கிறார்கள் என்று போலீஸ் கடை கடையாகத் துழாவிய நாட்களில் எங்களிடமும் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வடக்கே இருந்து மாற்றி அனுப்பப்பட்ட மலையாளத்து ஆள். தாள் குவியலைப் பார்த்ததும், "இது எந்தா, நோட்டீஸாணோ?" என்று மீசையைத் தடவினார். ஸ்டெல்லா வைக்கோலில் நட்சத்திரம் ஒட்டிய கார்டைத் தூக்கிக் காட்டினாள். அதைக் கையில் வாங்கியவர் நோட்டீஸை மறந்துவிட்டார். தன் மனைவிக்கு ஒன்று வேண்டும் என்றார்.

என் புருஷனைத் தேடுகிற கை அது. தர மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அவர் அந்த நட்சத்திரத்தைப் பிடித்திருந்த விதம் என்னை என்னவோ செய்தது. உள்ளே என்ன எழுத என்று கேட்டேன். எப்போது லீவு கொடுப்பார்கள் என்று அவருக்கே தெரியாதாம். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "வரும்னு எழுதியா மதி. எப்பழான்னு எழுதண்டா." வருவேன் என்றால் போதும், எப்போது என்று வேண்டாமாம்.

ஆணியில் தொங்கியது

தாளுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. அதன் போக்கில் மடித்தால் பணிந்துபோகும். குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு கட்டுத் தாளைப் பாழாக்கினேன். கை படிந்த பிறகு நான் உருப்படியாகச் செய்த முதல் கார்டு என் வீட்டுக்காரருக்குத்தான். அரசிலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சதையெல்லாம் அழுகிப்போக, நரம்பை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தேன். அனுப்ப விலாசம் இல்லை. கடை ஆணியில் மாட்டினேன். பொங்கல் வந்தால் ஒன்று, ஓணம் வந்தால் ஒன்று என்று அந்த ஆணி கனத்துக்கொண்டே போயிற்று. அவர்மேல் ஆசையும் அவர் ஏறி நின்ற அந்த மேசைமேல் கோபமுமாக நான் இருந்தேன்.

காரோடு என்கிற ஊர்க் கடற்கரையில் இருந்து மீன் விற்க வரும் ஓர் அக்காவுக்கு அந்த அரசிலைக் கார்டுமேல் கண். கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். விற்பதற்கில்லை என்றேன். யாருக்கு என்றாள். சொன்னேன். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "அனுப்பவும் மாட்ட, விக்கவும் மாட்ட. பின்ன நாங்க பாத்து ஏங்கவா தொங்கவிட்டிருக்க?"

கோடு போட்ட பிறகு

ஒருவழியாக எல்லைக்கோடு போட்டார்கள். களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம், எங்கள் பாறசாலை கேரளப் பக்கம். ஊரில் சிலர் அழுதார்கள், சிலர் வெடி போட்டார்கள். நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறசாலை தமிழ்நாட்டோடு சேரவில்லை. அப்படியென்றால் அவர் வர மாட்டார். களியக்காவிளையில் அவரைப் பார்த்ததாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காலாற நடந்தால் போய்விடலாம். ஆனால் கூப்பிடாத இடத்துக்குப் போக எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

அந்த வாரமே ஒரு கல்யாணக் கார்டு. பெண் இங்கே, மாப்பிள்ளை களியக்காவிளை. ஊர்ப் பெயருக்குக் கீழே மாநிலம் எழுதட்டுமா என்று கேட்டதற்குப் பெண்ணின் மாமா சொன்னார்: "அது தபாலுக்காக்கும் மக்கா. எங்க பிள்ள நடந்தே போயிருவா."

ஒரே ஒரு கார்டு

சில மாதம் கழித்துக் குமாரதாஸ் வந்தான். என் வீட்டுக்காரரோடு ஊர்வலம் போனவன்; அவனுக்கு நான் மைனி, அதாவது அண்ணன் மனைவி. அவர் சேதி ஏதோ கொண்டு வந்திருப்பான் என்று எழுந்து நின்றேன். அவனோ சாதாரண ஆள் மாதிரி பால்காய்ச்சுக்குக் கார்டு வேண்டும் என்றான். எத்தனை என்றேன். ஒன்று போதும் என்றான். புது வீட்டுக்கு ஒரே ஆளைக் கூப்பிடுகிற கஞ்சன் யார் என்று கேட்டேன்.

"எழுதுங்க மைனி. வீடு களியக்காவிளையில. கூப்பிடுகது செல்லப்பன். வர வேண்டியது தங்கம்."

தங்கம் என் பெயர். அவ்வளவு பழகிய கை அன்று தாளைக் குறுக்கே மடித்து வெடிக்கவிட்டது. இன்னொரு தாள் எடுத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இத்தனை காலம் கழிச்சு ஆள் அனுப்பிக் கூப்பிடுறாரே, அவருக்கு நடந்து வரக் கால் இல்லியா?" என்று அவனைத்தான் சத்தம் போட்டேன். ஸ்டெல்லா அதற்குள் ஆணியில் இருந்த கார்டுகளையெல்லாம் எடுத்து ஒரு துணியில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். குமாரதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "சபதம் போட்டது அண்ணனாக்கும் மைனி. நீங்க ஒண்ணும் போடல்லியே?"

ஊருக்கெல்லாம் அழைப்பு செய்து கொடுத்தவளுக்கு ஓர் அழைப்பு வந்தபோது, அதற்கும் தாள் வெட்டி, பசை கிண்டி, பெயர் எழுதி, காயும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியவளும் அவளேதான்.