பின்வாசலில் மறிக்கப்பட்ட உருமி

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு நட்சத்திர விடுதி அரங்கின் பின்வாசலில் நிற்கிறேன். உருமி மேளத்தோடு ஜாஸ் இசையைக் கலந்து இருபது ஆண்டுகளாகச் சாக்சபோன் வாசித்துவரும் கலைஞர் ஒருவருக்கு, இத்தகைய பெரிய மேடை இன்றுதான் முதன்முறையாக வாய்த்திருக்கிறது. ஒத்திகைக்கு வந்த அவருடைய உருமிக்காரரை அரங்க மேலாளர் வாசலிலேயே மறிக்கிறார்.

"அண்ணே, சாக்ஸ் ஓகே லா. உருமி மட்டும் வேணாம். யாருக்காவது சாமி வந்துட்டா யாரு பாக்குறது?"

"போன வாரம் இங்க டிரம்ஸ் அடிச்சாங்களே பாஸ், அப்ப யாருக்கும் வரலயா?" என்கிறார் சாக்சபோன் கலைஞர்.

"அது வேற லா. வேணும்னா உருமி சத்தத்தக் கீபோர்டுல போட்டுக்குங்க."

வாசலில் ஒட்டியிருக்கும் நிகழ்ச்சிச் சுவரொட்டியைப் பார்க்கிறேன். அதில் உருமியின் படந்தான் பெரிதாக இருக்கிறது. படத்தை வைத்துக் கூட்டம் சேர்த்து, ஒலியையும் எடுத்துக்கொண்டு, தோலைத் தேய்த்து முழக்குகிற மனிதனை மட்டும் வெளியே நிறுத்துகிற இந்த நாகரிகம் கூச்சமே அறியாதது.

"நீங்க வாசிங்கண்ணே, நான் வெளிய நிக்கிறேன்" என்று உருமிக்காரர் ஒதுங்குகிறார்.

சாக்சபோன் கலைஞர் கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

"அப்ப என் சத்தத்தையும் அதே கீபோர்டுல போட்டுக்குங்க பாஸ்."