காரணம் சொல்லாதவள்

ஓசூரில் சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து இருக்கையில் வேலை செய்தவளைப் போல என்னை எரிச்சல்படுத்தியவர் யாருமில்லை. என் வயதுதான், பத்தொன்பது. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டால், கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்காமல், "ஆகல்ல சார்" என்பாள். கன்னடத்தில் முடியாது என்று அர்த்தம். ஏன் என்று கேட்டாலும் அதே "ஆகல்ல சார்"தான். அவர் முணுமுணுத்துக்கொண்டு என்னிடம் வருவார்.

ஒருமுறை பம்பாயிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். மூன்று வருஷம் கழித்து வந்தவள், ஞாயிறு மாலை ரயிலேற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கும் ஓவர்டைம் கேட்ட சூப்பர்வைசரிடம், "எங்க ஊரு மத்திகிரியிலருந்து ஞாயித்துக்கெழம பஸ் சரியா இல்ல சார்" என்றேன்.

"அவ்ளோதானே? கம்பெனி வேன அனுப்பறேன், வந்துடு."

தலையாட்டிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பொரிந்து தள்ளினேன்.

"ஒரு காரணம் சொன்னா நீ கொறஞ்சா போயிடுவ? உன்னாலதான் எல்லாம் என் தலைல விழுது."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே, "காரணம் சொன்னா அதுக்கு அவரு ஒரு வழி சொல்லுவாரு. அப்புறம் வந்துதான ஆகணும்? இப்பவாச்சும் போயி முடியாதுன்னு சொல்லு" என்றாள்.

நான் போகவில்லை. ஞாயிறு காலை வேன் வந்தது. மாலையில் வீடு திரும்பியபோது அக்கா கிளம்பிப் போயிருந்தாள்.

சூப்பர்வைசர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் சொல்லாத அவள் மேல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னதான் செய்தாள் என்று நான் கேட்டதேயில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.