சத்தக்காரி அகல்யாவின் மௌனச் சான்றிதழ்

ஆரணியில் தறி ஓடும் தெருவில் பிறந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. ஒரே கூடத்தில் மூன்று தறி அடிக்கும்போது, பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டையைத் திறந்தாக வேண்டும். சின்னதுரை மகள் அகல்யா அப்படி வளர்ந்தவள். அவள் பேசுவதற்கு போன் எதற்கு என்று தெருவில் கேட்பார்கள். அந்தக் குரலோடு, டூரிசம் படிப்பின் கடைசி வருஷப் பயிற்சிக்கு அவள் போய்ச் சேர்ந்த இடம், மௌனத்தை விலைக்கு விற்கிற ஒரு பங்களா.

ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் காலத்து வேட்டை பங்களா அது. அவன் கரடி சுட்ட இடத்தில் இப்போது கண்ணை மூடி உட்காருகிறார்கள். சுவரில் அவன் மாட்டிய கரடித் தலை மட்டும் வாயைப் பிளந்தபடி இருக்கிறது. அந்த உரிமை அங்கே வேறு யாருக்கும் இல்லை. பனிக்காலம் வந்தால் விருந்தினர் வருவார்கள், அவர்களுக்கு ஊழியம் செய்யக் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். சம்பளம் கொடுத்தால் அது வேலை, கொடுக்காவிட்டால் இன்டர்ன்ஷிப். கக்கூஸ் கழுவுவதற்கு அங்கே 'விருந்தினர் அனுபவப் பிரிவு' என்று பெயர். சீசன் முடிவில் தரும் சான்றிதழ் இல்லாமல் பட்டம் கிடையாது என்பதால் அகல்யா எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு செய்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாய் மூடினால்தானே.

டீ வேண்டுமா என்று அவள் ரகசியமாகக் கேட்டதில், தியானத்தில் இருந்த ஓர் அம்மாள் பாயிலிருந்து எகிறிவிட்டார். முதல் புகார். சமையல்கட்டில் புகுந்த குரங்கை விரட்டினாள். குரங்கு போனது, கூடவே ஒரு குடும்பமும் ரூமைக் காலி செய்தது. இரண்டாவது புகார். மேனேஜர் பிரபாகரன் திட்டுவதைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் திட்டுவார்.

“இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்திச்சி, மூட்டைய கட்டிகினு கெளம்பிடு. சர்ட்டிபிகேட்டு கெடையாது.”

அந்த வாரமே ஒரு சாயங்காலம், பாறை பார்க்கப் போன நாலு விருந்தினர் திரும்பவில்லை. மூடுபனி இறங்கி, கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டது. வரும் வழியில் வலது பக்கம் முழுக்கப் பள்ளம். வாசல் மணியை அடிக்கலாம் என்றாள் அகல்யா. மணியின் நாக்கை மேனேஜர் போன சீசனிலேயே கழற்றிவிட்டிருந்தார். டார்ச் வெளிச்சம் பனியில் கரைந்து போனது. கூப்பிட்டால் உள்ளே தியானம் கெடும் என்று பிரபாகரன் டவர் இல்லாத மலையில் வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டு நின்றார்.

அகல்யாவுக்குச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று அம்மா கற்பகம் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பதும் ஞாபகம் வந்தது. பிறகு பள்ளமும் ஞாபகம் வந்தது.

“சார், மேடம், இந்தப் பக்கம் வாங்க! சோத்தாங்கை பக்கம் பள்ளம் கீது, மெதுவா வாங்க!”

கரடித் தலையில் இருந்த தூசு உதிர்ந்திருக்கும். குரலைப் பிடித்துக்கொண்டே மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். நாலாவது ஆள் கோபிநாத், பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம், மௌன விரதம் எடுத்தவர். பதில் சொன்னால் விரதம் கெடும் என்பதால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் அவள் கத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைசியில் முள் கீறிய முழங்காலோடு வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய சிலேட்டை எடுத்து எழுதினார்: 'என் மௌனம் கலைக்கப்பட்டது. நடவடிக்கை தேவை.'

மூன்றாவது புகார். காலையில் கிளம்பிவிடும்படி பிரபாகரன் அவள் காதோரம் வந்து சொன்னார்.

விடிந்ததும் அகல்யா பையை எடுத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். எல்லோரும் சத்தமில்லாமல் பொங்கல் மென்றுகொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள், அவ்வளவுதான்.

“சார், பஸ்ஸு வர நேரம் ஆவும். அதுவரைக்கும் இங்கியே நின்னு பேசிகினு இருக்கேன். சர்ட்டிபிகேட்ட குடுத்தா சத்தமில்லாம பூடுவேன்.”

வாய்க்குப் போன ஸ்பூன்கள் பாதியில் நின்றன. கோபிநாத் சிலேட்டைத் தேடினார். யார் பதில் சொல்வது? அங்கே வாயைத் திறந்தால் விரதம் போச்சு. நேற்று பள்ளத்துப் பக்கம் என்ன நடந்தது என்று அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க, பிரபாகரன் ஆபீஸ் ரூமுக்கு ஓடினார். அந்த சீசனில் அவர் அவ்வளவு ஜல்தியாக எந்த வேலையும் செய்ததில்லை. முத்திரை மை காயவில்லை, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. சொன்ன வார்த்தைப்படி அகல்யாவும் ஒரு சத்தம் இல்லாமல் படியிறங்கினாள்.

ஆரணியில் மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா தறியை நிறுத்தாமலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அகல்யா படித்தாள்: 'பயிற்சிக் காலம் முழுவதும் மிகுந்த அமைதியுடன் பணியாற்றினார்.'

“கொஞ்சம் கத்தி படிடி,” என்றாள் கற்பகம். “ஒண்ணும் காதுல வியல.”